கதவு திறந்ததும் எழுந்த வாழ்த்து

முன்னொரு காலத்தில், துறைமுகமும் கடைத்தெருவும் ஒட்டிக் கிடந்த ஒரு நாட்டை மகுடவர்மன் என்ற அரசன் ஆண்டுவந்தான். அவன் சபையில் இரண்டு வழக்கங்கள் உண்டு. சபைக் கதவு திறந்தால் உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் எழுந்து தலை வணங்க வேண்டும். அரசனுக்கு யாரும் முதுகு காட்டக் கூடாது. வெளியே போவதென்றாலும் பின்பக்கமாகவே நடந்து போக வேண்டும். இந்த இரண்டாவது வழக்கத்தால் அந்தச் சபையில் பின்மண்டை வீங்காத ஆளே கிடையாது. முதல் வழக்கத்தால் ஒருநாள் வேறொரு கூத்து நடந்தது. அரசன் வரும் நேரம் பார்த்துக் கதவு திறந்தது. எல்லாரும் எழுந்து குனிந்தார்கள். நிமிர்ந்து பார்த்தால் மடைப்பள்ளிப் பூனை! விற்ற சரக்கு சொத்தை என்று தெரிந்த கடைக்காரன் முகத்தை எப்படி வைத்துக்கொள்வானோ, அப்படி வைத்துக்கொண்டு எல்லாரும் உட்கார்ந்தார்கள். அரசன் காதுக்கு அது போகவில்லை. யார் போய்ச் சொல்வது?

அரசனுக்குப் பிறந்தநாள் வந்தது. வாழ்த்து ஓலைகளும் மடல்களும் மலையாகக் குவிந்தன. அரசன் அவற்றைச் சுற்றி ஒரு நடை நடந்தான்.

"என் யானைகூட என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறது. இந்த வாழ்த்துகளைப் பாருங்கள், நான் வந்தாலும் படுத்தே கிடக்கின்றன! நான் வந்ததும் எழுந்து நின்று வணங்கி, போதும் என்றால் படுத்துக்கொள்ளும் வாழ்த்து ஒன்று எனக்கு வேண்டும்!"

பிரதானி நாகலிங்கர் மெல்ல முன்னால் வந்தார். அரண்மனைத் தெற்கு வாசலுக்கு எதிரே இருந்த நல்ல வீட்டை அரசன் விகடகவி அம்பலத்தாடிக்குக் கொடுத்திருந்தான். அதைத் தன் மைத்துனன் குழந்தைவேலுக்கு வாங்கித் தர நினைத்திருந்தவர் பிரதானி. அன்றுமுதல் அவருக்குச் சோறு செரிக்கவில்லை.

"மகாராஜா, இது நம் அம்பலத்தாடியால் மட்டுமே ஆகும். அவருடைய அறிவுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா? பௌர்ணமிக்குள் செய்து தரட்டும். முடியாவிட்டால் வீட்டைக் காலி செய்துவிட்டு நாட்டைவிட்டே போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்!" என்றான் அரசன். பிறந்தநாள் மயக்கத்தில் இருப்பவனிடம் எதைக் கேட்டாலும் கிடைக்கும்.

அம்பலத்தாடி, சொன்ன விலைக்குத் தலையாட்டுகிற ஆள் இல்லை. பேரத்தைத் தொடங்கினான்.

"மகாராஜா, உள்ளே ஓர் ஆளை ஒளித்து வைக்கலாமா?"

"கூடாது."

"சரி, ஒரு தவளை?"

"உயிருள்ளது எதுவும் கூடாது! காகிதமும் பசையும் மட்டும்."

"அத்தனையையும் விட்டுக்கொடுத்துவிட்டேன், மகாராஜா. அடியேனுக்கு ஒன்றே ஒன்று. அந்த வாழ்த்தைத் திறக்கும் கை மகாராஜாவின் திருக்கையாகத்தான் இருக்க வேண்டும். வேறு கை படக் கூடாது."

"தந்தேன்!"

பிரதானி மீசைக்குள் சிரித்தார். அரசனுக்கு வரும் எந்தக் காணிக்கையையும் முதலில் பிரிப்பது அவர் உரிமை. பலாப்பழம் வந்தாலும் முதலில் அவர் பிளந்து, இரண்டு சுளை தின்ற பிறகுதான் அரசனுக்கு. வேறு கை படக் கூடாது என்று அம்பலத்தாடி தன் வாயாலேயே சொல்லி மாட்டிக்கொண்டான், தாம் தொட்டால் அவன் தோற்றான் என்பது அவர் கணக்கு. பேரம் முடிந்தபின் எதிராளி சிரித்தால் ஏன் என்று பார்க்க வேண்டும். அம்பலத்தாடி பார்த்துக்கொண்டான்.

வீட்டுக்குப் போனால் மனைவி கோமளம் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஏங்க, ஒருத்தன் கயித்தோட வந்து நம்ம வாசலை அளக்கறான்! என்னய்யான்னு கேட்டா, 'என் கட்டில் உள்ள போகுமான்னு பாக்கறேன், நீங்க உங்க வேலையைப் பாருங்க'ங்கறான்!"

"குழந்தைவேலுவா? நல்லா அளக்கட்டும். அடுப்படி வாசலை விட்டுடப் போறான், ஞாபகப்படுத்து."

"உங்களுக்கு எல்லாம் விளையாட்டு. நான் பெட்டி கட்டறேன்."

அவள் பெட்டி கட்ட, அவன் காகிதம் வெட்டினான். கெட்டிக் காகிதம் ஒன்றை நடுவில் இரண்டாக மடித்து, மேலே சபைக் கதவை எழுதினான். குமிழ், மணி, கதவில் இருந்த கீறல் எல்லாம் அப்படியே. உள்ளே வைக்கக் குட்டிக் குட்டிச் சபையோரை வெட்டி, புளியங்கொட்டைப் பசையால் ஒட்டினான். திறந்து பார்த்தால் அத்தனை பேரும் குப்புறக் கிடந்தார்கள். மறுபடி ஒட்டினான். இப்போது மல்லாக்கக் கிடந்தார்கள்.

"விருந்து முடிஞ்ச சபை மாதிரியே இருக்கு" என்று கோமளம் எட்டிப் பார்த்தாள். "ரெண்டு காலையும் ஒரே பக்கத்துல ஒட்டினா எப்படி எந்திரிப்பான்? தோணியில ஒரு காலும் கரையில ஒரு காலுமா நிக்க வைங்க. தோணி நகர்ந்தா, படுத்திருக்கறவனும் எந்திரிச்சுத்தானே ஆகணும்?"

அம்பலத்தாடி அவளை ஒரு பார்வை பார்த்தான். ஒவ்வோர் ஆளையும் உடம்பின் நடுவில் மடித்து, ஒரு காலை இந்த ஏட்டிலும் மறு காலை அந்த ஏட்டிலும் ஒட்டினான். ஏடு விரிந்தது. இரண்டு கால்களும் இழுபட, மடிந்து கிடந்தவன் விறுக்கென்று எழுந்து நின்றான். கழுத்தில் ஒரு மடிப்பு வைத்ததும் தலையும் தானாகக் குனிந்தது. எல்லா முகத்தையும் திறப்பவர் பக்கமே பார்க்க வைத்தான். கடைசியாக ஓரத்தில் ஒரு காகித நாக்கைச் சொருகிவிட்டு, தனக்குத்தானே சிரித்துக்கொண்டான்.

"பெட்டியைப் பிரிச்சுடு" என்றான்.

"மொதல்ல பௌர்ணமி வரட்டும்" என்றாள் அவள்.

பௌர்ணமியும் வந்தது. சபை நிரம்பி வழிந்தது. அம்பலத்தாடி தாம்பாளத்தில் வாழ்த்தை ஏந்தி வந்தான். மூலையில் குழந்தைவேலு அளவுக் கயிற்றை இடுப்பில் சுற்றியபடி, வீட்டுச் சாவிக்காகக் காத்து நின்றான். அரசன் கையை நீட்டினான்.

"பொறுத்தருள வேண்டும், மகாராஜா!" பிரதானி குறுக்கே பாய்ந்தார். "காணிக்கையை முதலில் பிரிப்பது என் கடமை. உள்ளே விஷப்பூச்சி இருந்தால்?" சொல்லிக்கொண்டே வாழ்த்தை எடுத்து, அரசனுக்கு எதிரே நின்று, இரண்டு கைகளாலும் விரித்தார்.

சடாரென்று ஒரு சபையே எழுந்து நின்றது! வரிசை வரிசையாகக் காகித மந்திரிகள், காகிதச் சேனாதிபதிகள். எல்லாரும் தலை குனிந்து வணங்கினார்கள், பிரதானியை. எதிரே வீற்றிருந்த அரசனுக்குத் தெரிந்தது அத்தனை பேருடைய முதுகும்.

"நாகலிங்கரே!" அரசன் மீசை துடித்தது. "என் சபை யாரை வணங்குகிறது?"

"என்னை... இல்லை, இல்லை, தங்களை!" பிரதானி பதறிப்போய் அதைத் திருப்பப் போனார். பதற்றத்தில் வாழ்த்தைத் திருப்பாமல் தாமே சுற்றித் திரும்பினார். இப்போது அவர் முதுகும் அரசனுக்கு முன்னால்.

ஒருவழியாக அரசன் பக்கம் திரும்பியதும் பிரதானிக்குக் குரல் வந்தது. "மகாராஜா, இவன் தோற்றான்! வேறு கை பட்டுவிட்டது. தங்களைக் கண்டு எழ வேண்டியது எனக்கும் எழுந்துவிட்டது!"

"வேறு கை படாது என்று வாக்குத் தந்தவர் மகாராஜா" என்றான் அம்பலத்தாடி. "அந்த வாக்கை உடைத்தது யார் கை என்பதை மகாராஜா பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். இவருக்கும் எழுந்தது என்கிறார். உண்மைதான். நம் சபையைப் பார்த்து அச்சு அசலாகச் செய்தேன், மகாராஜா. நாம் ஆளைப் பார்த்தா எழுகிறோம்? கதவு திறந்தால் எழுகிறோம். அன்று பூனைக்குக்கூட எழுந்தோமே!"

"எந்தப் பூனை?" என்றான் அரசன்.

சபை முழுவதும் ஒரே நேரத்தில் இருமியது. சேனாதிபதி கூரையைப் பார்த்தார்.

"மடைப்பள்ளிப் பூனை, மகாராஜா. நன்றாகக் குனிந்துதான் வணங்கினோம். எல்லாரையும்விடத் தாழக் குனிந்தவர் நம் பிரதானி. பூனைக்கு எழுந்ததால், மகாராஜாவுக்கு நாங்கள் எழுவதில்லை என்று ஆகிவிடுமா?"

அரசனின் வயிறு முதலில் குலுங்கியது. சிரிப்பு பிறகுதான் வெளியே வந்தது. வாழ்த்தை வாங்கி மடியில் வைத்துத் தன் கையால் திறந்தான். சபை எழுந்தது, முகம் காட்டி வணங்கியது. "போதும்" என்று மூடினான், படுத்துக்கொண்டது. மறுபடி திறந்தான், மூடினான். "இந்த நாக்கு எதற்கு?"

"இழுத்துப் பாருங்கள், மகாராஜா."

இழுத்தான். காகிதச் சபையின் ஓரத்தில், பிரதானியின் அதே மீசையோடு ஒருவர் ஒரு பலாப்பழத்துக்குள் தலையை நுழைத்தார். நாக்கைத் தள்ளினால் வெளியே வந்தார். அரசன் இழுத்தும் தள்ளியும் கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

"இனி எனக்கு வரும் காணிக்கையை நானே பிரிப்பேன், பலாப்பழம் உட்பட! அம்பலத்தாடி, என் தந்தக் கட்டிலை உனக்குத் தந்தேன். ஆனால் அது உன் வீட்டு வாசலில் நுழையுமா?"

"அதைப் பிரதானியாரின் மைத்துனரிடம்தான் கேட்க வேண்டும், மகாராஜா. அவர்தான் அளந்து வைத்திருக்கிறார். கயிறு இன்னும் இடுப்பிலேயே இருக்கிறது."

எல்லாக் கண்களும் மூலைக்குப் போயின. விஷயம் அரசனுக்கு விளங்கிவிட்டது. "அப்படியானால் மாமனும் மைத்துனனுமே தூக்கிக்கொண்டு போகட்டும்! வழக்கம் மறக்க வேண்டாம், இருவரும் என்னைப் பார்த்தபடியே!"

சபைக்கு வந்து சேர்ந்த கட்டிலை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, இருவரும் பின்பக்கமாக நடந்தார்கள். கதவு நிலையில் பிரதானியின் பின்மண்டை 'ணங்' என்று மோதியது. அரசனின் சிரிப்பு தெற்கு வாசல் தாண்டி எதிர்வீடு வரை கேட்டது. அங்கே பிரித்த பெட்டியைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, வாசலில் கோமளம் நின்றாள்.

"மெதுவா, மெதுவா... சுவத்துல இடிக்காம வாங்கய்யா. அளவெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சதுதானே!"