வாடாமல்லி வாசத்தை விற்ற கதை

சத்தியம்! என் மீசை மேல் சத்தியம், அது போதாதென்றால் மிச்சமிருக்கும் பல்லின் மேலும் சத்தியம். இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் வாயில் மண்ணைப் போடுங்கள்.

அந்தக் காலத்தில் பூவும் புல்லும் நம்மைப் போலவே வாயாடும். வாடாமல்லியும் அப்போது மற்றப் பூக்களைப் போல வாடும். ஆனால் அதன் வாசம் இருக்கிறதே, ஆற்றுக்கு அக்கரையில் மேய்கிற எருமைகூடத் தலையைத் தூக்கும்.

காத்தாயி என்றொருத்தி. அவள் மகள் நாச்சிக்குப் பிறவியிலேயே பார்வையில்லை. காய்ச்சல் வேறு வந்து படுத்துவிட்டாள். விடிந்ததும் காத்தாயி தோட்டத்தில் பூவும் புல்லும் கிள்ளி வந்து சின்னக் கலயத்தில் அடுக்குவாள். கண்ணுக்கு இல்லை, கைக்கும் மூக்குக்கும். மெத்தென்ற கோழிக்கொண்டைப் பூ கையெட்டும் பக்கம், நெடும்புல் பின்னால், வாடாமல்லி தலையணையை ஒட்டி. அந்த வாசம் ஏறினால்தான் நாச்சி, "விடிஞ்சிருச்சாம்மா?" என்று எழுந்து ரெண்டு வாய் கஞ்சி குடிப்பாள்.

ஒரு நாள் நாச்சி தூங்கும்போது புல் சீண்டியது: "என்னடி சீமாட்டி, இன்னிக்குத் தலையணை ஓரம், நாளைக்குக் குப்பைமேடு!"

மல்லி சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பியது. அங்கே எட்டிப் பார்த்த சூரியனிடம் கெஞ்சியது: "சாமி, என்னை வாட வைக்காதே."

"உன் குலத்து வாசத்தை எல்லாம் கொடு, விட்டுவிடுகிறேன். போனது திரும்பாது தாயி, யோசிச்சுக்கோ."

"எடுத்துக்கோ." யோசிக்கவே இல்லை.

மறுநாள் நாச்சி மூச்சை இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள். "அம்மா, பூ வைக்கலையா?"

காத்தாயி குனிந்து மோந்தாள். தோட்டத்துக்கு ஓடி வேறு பறித்து வந்தாள். ஒன்றிலும் வாசமில்லை. "பூவுக்குத்தான் ஏதோ ஆயிருச்சு கண்ணு."

நாச்சி பூவைத் தடவினாள். "என்னைத் தேத்தாதேம்மா. எனக்கு மூக்கும் போயிருச்சு."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள் அப்புறம் கஞ்சிக்கு வாய் திறக்கவில்லை.

உண்மையைச் சொல்ல மல்லி வாயெடுத்தது. வெட்கமாகப் போய்விட்டது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டது. நாளைக்குக் கேட்பதற்கு நாச்சி இல்லை.

கோழிக்கொண்டை கருத்தது. புல் பழுத்துச் சரிந்தது. மல்லி மட்டும் அப்போதுதான் பறித்ததுபோல வெறுங்கட்டிலைப் பார்த்தபடி நின்றது. "என்னை வாடவாவது விடேன், சாமி!" என்று கதறியது. சூரியன் பாட்டுக்கு மேற்கே இறங்கிப் போனான்.

அன்றையிலிருந்துதான் வாடாமல்லிக்கு வாசமும் கிடையாது, வாடிப்போகும் வரமும் கிடையாது.

யார் சொன்னதென்று மட்டும் மூச்சு விட்டுவிடாதீர்கள். என் வாசலில் ஒரு பாத்தி நிறைய வாடாமல்லி நிற்கிறது. தினமும் அதன் முகத்தில் நான் விழிக்க வேண்டாமா?