இருவாச்சி ஏன் வாசலை அடைத்தாள்

பறவைகளும் விலங்குகளும் ஒரே பேச்சுப் பேசி, ஒருவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு மற்றவர் போய் வந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில், மேற்கு மலைக்காட்டில் ஓர் அகில் மரத்துப் பொந்தில் முகடன் என்கிற இருவாச்சியும் அவன் மனைவி பொன்னலகியும் குடியிருந்தார்கள். இருவாச்சி பெரிய பறவை. அலகின் மேல் இன்னோர் அலகைக் கவிழ்த்து வைத்ததுபோல் இருக்கும். பறந்தால் சிறகோசை அடுத்த பள்ளத்தாக்கு வரை கேட்கும். அந்த நாளில் அவர்கள் பொந்தின் வாசல் அகலத் திறந்தே கிடந்தது. யாரும் வரலாம், எட்டிப் பார்க்கலாம், வாசலில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகலாம்.

அதே மரத்தின் கீழ்க்கவட்டில் வெருகன் என்கிற மரநாய் இருந்தான். பெயரில்தான் நாய்; பார்க்கப் பூனைபோல இருப்பான். பழம் தவிர வேறெதையும் தின்றறியாதவன். அவனும் முகடனும் சின்ன வயதிலிருந்து ஒன்றாகக் காடு சுற்றியவர்கள். வெருகனுக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை. அடைமழை நாட்களில் பொன்னலகி அவனுக்கும் சேர்த்துத்தான் பழம் கொண்டுவருவாள். அவனை அண்ணே என்று கூப்பிடுவாள்.

முகடனுக்கும் பொன்னலகிக்கும் வெகு காலம் குழந்தை இல்லை. இட்ட முட்டையெல்லாம் கூமுட்டையாகிப் போயிற்று. கடைசியில் ஒரு கோடையில் ஒரே ஒரு முட்டை பொரிந்து ஒரு குஞ்சு வெளியே வந்தது. உடம்பில் ஓர் இறகு இல்லை. கண்கூடத் திறக்கவில்லை. ஆனால் வாய் மட்டும் நாள் முழுக்கத் திறந்திருந்தது. பொன்னலகி அதன் பக்கத்தைவிட்டு நகரவில்லை. வெருகன்தான் முதலில் வந்து பார்த்தான். பார்த்துவிட்டு, அப்பன் வாய் அப்படியே இருக்கிறது என்று சொன்னான். மூன்று பேரும் சிரித்தார்கள்.

இருவாச்சிகளிடம் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. குஞ்சு கண் திறந்ததும் அதன் பக்கத்தில் ஓர் அத்திப்பழத்தை வைத்துவிட்டு, உற்றார் உறவினரைக் கூப்பிட்டு விருந்து வைப்பார்கள். போன வருஷம் மலைக்கு அந்தப் பக்கம் முகடனின் அண்ணன் தன் குஞ்சுக்கு அப்படி ஒரு விருந்து வைத்திருந்தான். பலாச்சுளை மிதமிஞ்சிக் கிடந்தது, தேன் வழிந்தது என்று காடே பேசிற்று. முகடன் அந்த விருந்தில் தின்றதைவிட அந்தப் பேச்சைத்தான் அதிகம் மனதில் வைத்திருந்தான். தன் வீட்டு விருந்தைப் பற்றிக் காடு அதைவிடப் பெரிதாகப் பேச வேண்டும் என்று தீர்மானித்துவிட்டான்.

பொன்னலகிக்கு அவ்வளவு கூட்டம் வேண்டாம் என்று இருந்தது. நெருங்கியவர்கள் நாலு பேரைக் கூப்பிட்டு மரத்தடியிலேயே முடித்துவிடலாமே என்று கேட்டாள். இத்தனை நாள் குழந்தை இல்லை என்று என்னென்ன பேசினார்கள், அவர்கள் எல்லோரும் வந்து பார்க்கட்டும் என்றான் முகடன். அந்தப் பேச்சையெல்லாம் அவளும் கேட்டிருந்தாள்.

விருந்துக்கு ஓடையின் அக்கரையில் இருந்த பெரிய அத்திமரம் முடிவாயிற்று. வேலை முழுதும் வெருகன் தலையில் விழுந்தது. விழுந்தது என்று சொல்வதும் தப்பு. அவனே இழுத்துப் போட்டுக்கொண்டான். எந்தப் பலா பழுத்திருக்கிறது என்று மோப்பம் பிடித்துச் சொன்னான். பாறை இடுக்கில் தேனடை எடுக்கப்போய்த் தேனீ கொட்டி முகம் வீங்கி வந்தான். மரத்தடியில் சருகு கூட்டி, மந்தாரை இலை பறித்து வரிசையாகப் பரப்பினான். விருந்தன்று விடிவதற்கு முன்பே எழுந்து ஓடிவிட்டான். வாயில் ஒன்றும் போட்டுக்கொள்ளவில்லை. விருந்து வீட்டில் தனியாக என்ன சாப்பாடு என்று நினைத்திருப்பான்.

காலையில் பொன்னலகி குஞ்சின் பக்கத்தில் பழத்தை வைத்தாள். விருந்துக்குப் போவதாக அவளுக்கு எண்ணம் இல்லை. வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பொந்துக்கு வந்து குஞ்சைப் பார்த்து வாழ்த்திவிட்டு அத்திமரத்துக்குப் போனார்கள். முகடனின் அண்ணி வந்தாள். குஞ்சைப் பார்த்தாள். பிறகு பொன்னலகியைப் பார்த்து, நீ இன்னும் கிளம்பவில்லையா என்று கேட்டாள். குஞ்சைத் தனியாக விட்டுவிட்டு எப்படி வருவது அக்கா என்றாள் பொன்னலகி.

“பெற்றவள் முகம் காட்டாத விருந்தில் நாங்கள் எப்படி வாய் வைப்பது? பெரிய இடத்துப் பிள்ளையைப் பெற்றுவிட்டாள், இறங்கி வரமாட்டாள் என்றுதான் பேசுவார்கள்” என்றாள் அண்ணி.

முகடனும் வந்து கூப்பிட்டான். எல்லோரும் அவளைக் கேட்கிறார்கள், கொஞ்ச நேரம் வந்து தலையைக் காட்டிவிட்டுத் திரும்பிவிடலாம் என்றான். பொன்னலகி குஞ்சைப் பார்த்தாள். அது வயிறு நிறைந்து தூங்கிக்கொண்டிருந்தது. அவள் கிளம்பினாள்.

அத்திமரத்தடியில் முகடன் நினைத்ததைவிடக் கூட்டம் கூடியிருந்தது. கருங்குரங்குகள் ஒரு குடும்பத்தைக் கூப்பிட்டால் மூன்று குடும்பமாக வந்திருந்தன. பச்சைப்புறாக்கள் கிளை தாழ உட்கார்ந்திருந்தன. மலையணில்கள் பலாவைப் பிளந்து கொடுக்க வந்தவை, பிளந்ததில் பாதியைத் தாங்களே தின்றன. வெருகன் பந்திக்குப் பந்தி ஓடினான். இங்கே தேன் இல்லை என்பார்கள், கொண்டுபோவான். அங்கே சுளை போதவில்லை என்பார்கள், திரும்ப ஓடுவான். ஒவ்வொரு பந்தி எழும்போதும் அடுத்ததில் உட்காரலாம் என்று நினைப்பான். அதற்குள் புதிதாக ஒரு கூட்டம் வந்து இறங்கும்.

பொன்னலகியால் சீக்கிரம் திரும்ப முடியவில்லை. கையைப் பிடித்து உட்கார வைப்பதுபோல் ஒவ்வொருத்தியும் அவளைப் பேச்சில் பிடித்து வைத்துக்கொண்டாள். முட்டை பொரியாத காலத்தில் அவளைக் கண்டால் வேறு கிளைக்குப் போனவர்கள்கூட இன்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது. பிடிக்கவில்லை என்று பிறகு அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

வெயில் சாயத் தொடங்கியது. வெருகன் கடைசியில் முகடனிடம் வந்து நின்றான். முகடன் தன் அண்ணனுக்குத் தானே பக்கத்தில் இருந்து தேன் ஊட்டிக்கொண்டிருந்தான். தலை சுற்றுகிறது, எனக்கும் ஓர் இலை போட்டால் தேவலை என்று வெருகன் மெதுவாகச் சொன்னான்.

“நீ நம்ம வீட்டு ஆள்தானே, வெருகா. முதலில் வந்தவர்களைக் கவனிப்போம். நாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்றான் முகடன். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னான், அவ்வளவுதான். அண்ணன் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல, இருவரும் சிரித்தார்கள்.

வெருகன் போய் இலைகளைப் பார்த்தான். சுளை இல்லை, கொட்டைகள்தான் கிடந்தன. தேனடை வெறும் சக்கையாக இருந்தது. அத்திமரத்தைப் புறாக்கள் மொட்டையடித்திருந்தன. அவன் ஒரு வேரின் மேல் ஒதுங்கி நின்றான்.

அவன் சும்மா நிற்பதைப் பொன்னலகி பார்த்தாள். பக்கத்தில் இருந்தவள் தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் கதையில் பாதிதான் சொல்லியிருந்தாள். எழுந்து போனால் நன்றாக இருக்காது. அவள் அங்கிருந்தே சொன்னாள்: “அண்ணே, ஓர் எட்டு போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வருகிறீர்களா? நான் இதோ வந்துவிடுகிறேன்.”

வெருகன் அவளைப் பார்த்தான். சாப்பிட்டீர்களா என்று கேட்பாள் என்று ஒரு கணம் நின்றான்போலிருக்கிறது. அவள் அதற்குள் திரும்பிவிட்டாள். அவன் ஓடையைத் தாண்டிப் போனான்.

கூட்டம் கலைந்தது. போகிறவர்கள் எல்லோரும் இப்படி ஒரு விருந்து இந்தக் காட்டில் நடந்ததில்லை என்றார்கள். முகடன் அதைக் கேட்கக் கேட்கக் கழுத்தை நிமிர்த்திக்கொண்டான். ஒரு கிழட்டு மலையணில் மட்டும் போகும்போது, ஓடி ஓடிப் பரிமாறினானே அந்த மரநாய், அவன் எந்தப் பந்தியில் உட்கார்ந்தான் என்று கேட்டது. யாருக்கும் தெரியவில்லை.

பொன்னலகிக்குச் சுருக்கென்றது. இலை இலையாகத் தேடினாள். ஒரு பலாக்கொட்டையில் ஒட்டிக்கொண்டு அரைச் சுளை கிடந்தது. இன்னோர் இலையின் அடியில் நசுங்காத அத்திப்பழம் ஒன்று இருந்தது. இரண்டையும் அலகில் வைத்துக்கொண்டு, பாவம் அண்ணன் காலையிலிருந்து பட்டினி என்று நினைத்தபடி பறந்தாள்.

வெருகன் பொந்து வாசலில் உட்கார்ந்திருந்தான். அவன் மீசையில் சிவப்பாக இருந்தது. அத்திப்பழத்தின் சிவப்பு என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். உள்ளே பார்த்தாள். பழமும் இல்லை, பிள்ளையும் இல்லை.

அவள் அலகில் இருந்தது கீழே விழுந்தது. வெருகன் அது விழுவதைப் பார்த்தான். அது தனக்கென்று கொண்டுவந்தது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

“முதலில் பழத்தைத்தான் எடுத்தேன்” என்றான் வெருகன். “பசித்தது, அம்மா.”

பின்னாலேயே வந்த முகடன் உள்ளே பார்த்துவிட்டு வெருகன்மேல் பாய்ந்தான். வெருகன் எதிர்க்கவில்லை. முகமெல்லாம் கிழிந்து கீழே விழுந்து, புதருக்குள் நுழைந்து போனான். அதற்குப் பிறகு பகலில் அவனை யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் உறவினர்கள் துக்கம் கேட்க வந்தார்கள். முந்தின நாள் ஒட்டிய தேன் சிலர் வாயில் இன்னும் காயவில்லை. அண்ணி வந்து பொந்தை எட்டிப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவளிடம், பொன்னலகிக்குக் கேட்கும்படியாகவே சொன்னாள்: “கண் திறந்த குஞ்சைத் தனியாக விட்டுவிட்டு எந்தத் தாயாவது விருந்துக்கு வருவாளா?”

முகடன் பக்கத்தில்தான் இருந்தான். நான்தான் அழைத்தேன் என்று அவன் சொல்லவில்லை. பொன்னலகி அவன் சொல்வதற்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

அடுத்த கோடையில் அவளுக்கு மறுபடி முட்டையிடும் காலம் வந்தது. அவள் பொந்துக்குள் போனாள். ஓடைக்கரை மண்ணைக் கொண்டுவரச் சொன்னாள். முகடன் எதற்கு என்று கேட்காமல் கொண்டுவந்து கொடுத்தான். அவள் அந்த மண்ணோடு தன் எச்சத்தையும் பழச்சக்கையையும் குழைத்து உள்ளிருந்தே வாசலைப் பூசத் தொடங்கினாள். வாசல் குறுகிக்கொண்டே வந்தது. அப்போதுதான் முகடனுக்குப் பயம் பிடித்தது.

“என்னையுமா வெளியே நிறுத்துகிறாய்?” என்று கேட்டான்.

“உங்கள் அலகு நுழையும் அளவுக்கு வழி விட்டிருக்கிறேன்” என்றாள் அவள். “ஊருக்கெல்லாம் ஊட்டிய அலகுதானே. இனி எங்களுக்கு ஊட்டுங்கள்.”

பூசி முடித்ததும் உள்ளே சரசரவென்று சத்தம் கேட்டது. இடுக்கு வழியாக ஒவ்வொன்றாக இறகுகள் வெளியே வந்து விழுந்தன. அவள் தன் சிறகிலும் வாலிலும் இருந்த பெரிய இறகுகளையெல்லாம் தானே பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். வேண்டாம், வலிக்கும் என்று முகடன் வெளியே நின்று கெஞ்சினான். இறகு விழுவது நிற்கவில்லை.

“பறக்க முடிந்தால் கூப்பிடுவீர்கள்” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “கூப்பிட்டால் எனக்கும் வரத் தோன்றும்.”

அதன்பின் அவள் பேசவில்லை. முகடன் அத்திமரத்துக்குப் போய்ப் பழங்களை விழுங்கி வந்து, ஒவ்வொன்றாகத் தொண்டையிலிருந்து எடுத்து இடுக்கில் நீட்டினான். உள்ளேயிருந்து ஓர் அலகு வந்து வாங்கிக்கொண்டது. குஞ்சு பொரிந்ததா என்று கேட்டான். பதில் இல்லை. நாளாக நாளாகப் பழம் அதிகமாகத் தேவைப்பட்டது. அதிலிருந்து அவனே தெரிந்துகொண்டான். கொஞ்ச நாளில் மெலிந்து நிழல்போல் ஆனான். அந்தக் குஞ்சு பிழைத்தது. அதற்கு விருந்து எதுவும் வைக்கவில்லை. யாரும் வைக்கச் சொல்லவும் இல்லை. இதைக் கண்ட மற்ற இருவாச்சிப் பெண்களும் தங்கள் வாசல்களை அப்படியே அடைத்துக்கொண்டார்கள்.

அந்தக் கோடையோடுதான் காட்டில் விருந்து என்பதே நின்றுபோயிற்று. அத்தி பழுத்தால் இன்றும் எல்லோரும் வருகிறார்கள், ஆனால் யாரும் யாரையும் அழைப்பதில்லை. அவரவர் தின்றுவிட்டு அவரவர் வழியில் போகிறார்கள். எல்லோரும் போனபிறகு இருட்டில் மரநாய் தனியாக வந்து மிச்சத்தைத் தின்கிறது. பசி தாளாதபோது பறவைக் கூடுகளையும் தேடிப் போகிறது. ஆண் இருவாச்சி கோடை முழுக்க அலைந்து பழம் கொண்டுவந்து, அந்த இடுக்கின் முன்னால் தொற்றிக்கொண்டு நிற்கிறது. உள்ளே இருப்பவள் பழத்தை வாங்கிக்கொள்கிறாள்; முகத்தைக் காட்டுவதில்லை.