மூக்காயிக் கரடியின் புதுப் போன்

நாவலோடைக் காட்டில் மூக்காயி என்றொரு கரடி இருந்தாள். அவளுக்கு மோப்பம் அதிகம், பார்வை குறைவு. பத்தடி தள்ளி நிற்பது பாறையா யானையா என்பதை மோந்து பார்த்துத்தான் சொல்வாள்.

அந்தக் காட்டில் எல்லார் கைக்கும் செல்போன் வந்துவிட்டது. காட்டுத்தீ பிடித்தால் தகவல் சொல்ல வேண்டும் என்று எல்லார் எண்ணும் எல்லாரிடமும் இருந்தது. சிறுத்தையின் எண்கூட இருந்தது! கடைசியாக மூக்காயியும் தேனடையைக் கொடுத்து ஒரு புது ஆண்ட்ராய்டு போன் வாங்கினாள்.

முதல் நாள் பெரும்பாடாகிவிட்டது. நகத்தால் தட்டினால் போன் அசையவில்லை. உள்ளங்கையை வைத்தாலோ ஒன்றுக்கு மூன்றாகத் திறந்துகொண்டது. கோபத்தில் மூக்கு நுனியால் ஒரு முட்டு முட்டினாள். டக்கென்று கேட்டதைத் திறந்தது!

"அட! நீ மூக்குக்குத்தான் கட்டுப்படுவியா!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள் மூக்காயி.

அப்புறம் மூன்று நாள் செட்டிங்ஸைக் கிளறிக்கொண்டே கிடந்தாள். கரையான் புற்றைக் கிளறுகிற அதே பொறுமை! எழுத்தைப் பலாக்கொட்டை அளவுக்குப் பெரிதாக்கினாள். முகப்பில் நெருக்கியடித்துக்கொண்டிருந்த படங்களை எல்லாம் விலக்கினாள். பேசுவதற்கு ஒன்று, செய்தி அனுப்ப ஒன்று, மழை வருமா என்று பார்க்க ஒன்று, இவற்றை மட்டும் மூலைக்கு ஒன்றாக வைத்தாள். நாலாவது மூலையில் அவளுடைய உயிர்த்தோழி பேச்சியின் முகம். அதை முட்டினால் நேரே பேச்சிக்கு அழைப்பு போகும்.

பேச்சி ஒரு சருகுமான். முயல் அளவுதான் இருப்பாள். பெயர்தான் பேச்சி, அவள் பேசினால் இலை உரசுகிற மாதிரிதான் கேட்கும். அவளுடைய போன் ஒருநாளும் மணி அடித்ததில்லை. அதிர மட்டும்தான் செய்யும்.

மூக்காயி தன் போனை ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தபோது துரைக்கண்ணு என்ற மலையணில் மரத்திலிருந்து சரசரவென்று இறங்கி வந்தான். போனை அலங்கரிப்பதில் அந்தக் காட்டில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை.

"என்ன அக்கா இது? எழுத்தா, பாறாங்கல்லா?"

"எனக்குத் தெரியணுமே, தம்பி!"

"நாலு பேர் பார்த்தா சிரிப்பாங்க. கொடுங்க இப்படி!"

வாங்கியவன் வாலை ஆட்டிக்கொண்டே வேலையில் இறங்கினான். திரையின் பின்னணியில் ஒரு அருவி பொழிந்தது. படங்கள் கடுகு கடுகாகச் சிறுத்து வரிசையில் நின்றன. எழுத்துகள் எறும்பாயின. பேச்சியின் முகம் எங்கோ உள்ளே போய்விட்டது.

"ஆகா! அருவி நிஜமாவே ஓடுதே!" என்று மயில் வியந்தது. மான்கள் கூட்டமாக வந்து பார்த்துவிட்டுப் போயின. அன்று முழுக்க மூக்காயிக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள்தான் தெரிந்தது. மூக்கை வைத்தால் இரண்டு மூன்று படங்கள் ஒன்றாகச் சிக்கின. மழையைப் பார்க்கப் போனால் கேமரா திறந்து அவளுடைய மூக்குத் துவாரத்தையே படம் எடுத்தது! ஆனாலும் காடே மெச்சிய போனைக் குறை சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்தாள்.

அந்த வாரம் பேச்சி குட்டி போட்டாள். மலைக்கு அந்தப் பக்கம், சாய்ந்த மருதமரத்தடியில் இருந்த சருகுக் குவியலில் குட்டியை மறைத்து வைத்திருந்தாள். அந்த இடம் மூக்காயிக்கு மட்டுமே தெரியும். பிள்ளை பெற்றவளுக்கு நாவல்பழம் கொண்டுபோகலாம் என்று மூக்காயி போனை எடுத்தாள். வாயால் சொன்னால் அது எழுதிக்கொள்ளும்.

"சாய்ஞ்ச மருதமரத்துச் சருகுக்குள்ளேயே குட்டியோட இரு. எங்கேயும் போயிடாதே. பழம் கொண்டு வரேன்!"

பெயர்ப் பட்டியலில் எல்லாரும் இனப் பெயரில்தான் இருந்தார்கள். பேச்சிக்காக 'ச' வரிசையில் 'சருகுமான்' என்பதைத் தேடி மூக்கால் முட்டினாள். செய்தி போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் பதில் குரலாகவே வந்தது. கரகரத்த, கனத்த குரல்.

"ரொம்ப நன்றி மூக்காயி! நான் சாப்பிட்டு ரெண்டு நாளாச்சு. பழம் வேண்டாம். குட்டி போதும். இதோ கிளம்பிட்டேன்!"

மூக்காயிக்கு உடம்பெல்லாம் மயிர் குத்திட்டு நின்றது. சருகுமானுக்கு அடுத்த பெயர் சிறுத்தை!

"ஐயோ, பாவி நான்! என் வாயாலேயே காட்டிக் கொடுத்துட்டேனே!"

ஓடினாலும் சிறுத்தையை முந்த முடியாது. பேச்சியை அழைக்கப் பார்த்தாள். எறும்பு எழுத்துகள் அருவிக்குள் மிதந்தன. தவறி முட்டினால் மறுபடியும் சிறுத்தைக்கே போகும். துரைக்கண்ணு எந்த மரத்தில் இருக்கிறானோ! மூச்சை இழுத்துப் பிடித்தாள். செட்டிங்ஸைத் திறக்கும் பல்சக்கரப் படத்தை மட்டும் தேடினாள். மூன்று நாள் கிளறிய வழி அவளுக்கு மறக்கவில்லை. ஒரு முட்டு, இன்னொரு முட்டு, எழுத்தை இழுத்துப் பெரிதாக்கு!

'சருகுமான்' என்ற பெயர் பலாக்கொட்டையாகப் பருத்து எழுந்தது. முட்டினாள்.

"அக்கா?" என்றது இலை உரசும் குரல்.

"பேச்சி! சிறுத்தை வருது! குட்டியைக் கூட்டிக்கிட்டு ஓடைப் புதருக்குள்ள போ. போனைச் சருகுக்குள்ளேயே விட்டுடு. அணைச்சிடாதே! ஸ்பீக்கரைப் போட்டு, சத்தத்தைக் கடைசி வரைக்கும் ஏத்து!"

"நான் சத்தமே வச்சதில்லையே, அக்கா!"

"இன்னைக்கு வை!"

பேச்சி சொன்னபடியே செய்தாள். குட்டியோடு புதருக்குள் பதுங்கி மூச்சை அடக்கினாள்.

மூக்காயி போனில் காதை வைத்துக் காத்திருந்தாள். சருகு மெல்ல நொறுங்கியது. பிறகு யாரோ மோப்பம் பிடிக்கும் சத்தம். பக்கத்தில்... இன்னும் பக்கத்தில்... சிறுத்தை சருகுக்குள் முகத்தை நுழைத்த அந்த நொடியில், மூக்காயி வயிற்றிலிருந்து ஒரு உறுமல் உறுமினாள்.

"க்ர்ர்ராஆஆ!"

சருகுக் குவியலே உறுமியது! சிறுத்தை அலறிக்கொண்டு ஆளுயரத்துக்கு எம்பியது. நான்கு காலும் நான்கு பக்கம் இழுக்க, மலையிறங்கி ஓடியே போய்விட்டது.

மூக்காயி மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது பேச்சி புதரிலிருந்து எட்டிப் பார்த்தாள். "மன்னிச்சிடும்மா பேச்சி. தப்பு என்னுது" என்று மூக்காயி கண் கலங்கினாள்.

"காப்பாத்தினதும் நீங்கதானே!" என்றாள் பேச்சி. அன்றுதான் முதல்முறையாக அவள் குரல் நாலடி தாண்டிக் கேட்டது.

அதற்குள் சிறுத்தையிடமிருந்து ஒரு செய்தி: "குட்டியோடு நீயும் படுத்திருப்பாய் என்று ஏன் சொல்லவில்லை?" பெரிய எழுத்தில் அதைப் படித்துவிட்டு இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

விஷயம் கேள்விப்பட்டுத் துரைக்கண்ணு தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். "அழகா இருக்கட்டும்னுதான் செஞ்சேன், அக்கா."

"அழகாத்தான் இருந்துச்சு, தம்பி. எனக்குத்தான் ஒண்ணும் தெரியல!"

துரைக்கண்ணு நாவல்பழம் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு போனைக் கையில் எடுத்தான். இந்த முறை ஒவ்வொன்றையும் தொடும் முன்னே, "இது எங்க இருக்கணும், அக்கா?" என்று கேட்டுக் கேட்டுச் செய்தான்.

ஊர் மெச்சுகிற கருவியைவிட, நம் கைக்கும் கண்ணுக்கும் பொருந்துகிற கருவியே ஆபத்தில் கைகொடுக்கும்.