நிக்கல் இல்லாத குழாய்

"நிக்கல் இல்லாம ஆகவே ஆகாதா, டீச்சர்?"

கேட்டவர் குஞ்சிதபாதம். ஓய்வு பெற்ற வேதியியல் வாத்தியார், வயது அறுபத்திரண்டு. அவருடைய குரு மரகதவல்லிக்கு முப்பத்துநாலு. கல்லூரியில் இயற்பியல் ஆய்வகம் அவர் பொறுப்பில் இருக்கிறது. சிஷ்யர் மூத்தவர், குரு இளையவர். இருந்துவிட்டுப் போகட்டுமே.

மூன்று வருஷமாகக் குஞ்சிதபாதம் கட்டிக்கொண்டு அழுவது ஒரு குழாயை. உள்ளே நிக்கல் பொடியும் ஹைட்ரஜனும். அதைத் தண்ணீரில் இறக்கி மின்சாரத்தில் சூடேற்றினால், கணக்குப்படி தண்ணீர் அறுபது டிகிரியில் நிற்க வேண்டும். இவருக்கு அறுபத்துநாலு காட்டியது. அந்த அதிகப்படி நாலு டிகிரியும் 'குளிர் அணுக்கரு இணைவில்', அதாவது சாதாரணச் சூட்டிலேயே அணுக்கருக்கள் ஒன்று சேர்வதில், பிறந்தது என்று மனுஷர் சத்தியமே செய்வார்.

"சனிக்கிழமை திருச்சியில ஒரு அறிவியல் கூட்டத்துல பேசறேன். 'நிக்கலே எரிபொருள்'னு தலைப்பும் கொடுத்தாச்சு. இப்போ ஒருத்தர் கடிதம் போட்டிருக்கார், நிக்கல் தேவையே இல்லைன்னு. அது நிஜம்னா என் மூணு வருஷமும் போச்சு."

"நிக்கல் இல்லாம ஓட்டிப் பார்த்தீங்களா சார்?"

"இல்லை."

"ஏன்?"

"பயம்தான்."

மரகதவல்லி குழாயைத் திறந்தார். பொடியைக் காகிதத்தில் கொட்டினார். மூடி, ஹைட்ரஜன் மட்டும் அடைத்து ஓட்டினார்.

அறுபத்துநாலு.

குஞ்சிதபாதம் முகம் செத்துப்போயிற்று. அரை நிமிஷம்தான். பிறகு மலர்ந்துவிட்டது.

"அப்போ ஹைட்ரஜன் மட்டுமே போதும் டீச்சர். இன்னும் பெரிய விஷயமாச்சே இது."

மரகதவல்லி ஹைட்ரஜனையும் வெளியேற்றினார்.

அறுபத்துநாலு.

"வெறும் குழாயே..." என்று ஆரம்பித்தவர், தானே நிறுத்திக்கொண்டார். ஆசைக்கும் ஒரு அளவு உண்டே.

மரகதவல்லி கேன்டீனிலிருந்து ஒரு கிண்ணம் ஐஸ் வாங்கி வந்தார். அது உருகுகிற தண்ணீரில், குஞ்சிதபாதம் மூன்று வருஷமாகச் சூடு பார்த்த வெப்பமானியை வைத்தார். பூஜ்யம் காட்ட வேண்டும்.

நாலு காட்டியது.

குஞ்சிதபாதம் அதையே பார்த்தார். எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தார். அப்பவும் நாலு.

முதலில் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று மரகதவல்லி எட்டிப் பார்த்தார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, முக்காலியில் உட்கார்ந்து சிரித்தார். மரகதவல்லிக்கும் தொற்றிக்கொண்டது.

"மூணு வருஷமா ராத்திரி தூக்கமில்லை டீச்சர். இன்னைக்குத்தான் நெஞ்சு லேசா இருக்கு."

அங்கேயே திருச்சிக்குப் போன் போட்டார்.

"தலைப்பை மாத்திக்குங்க சார். 'என் வெப்பமானி'ன்னு போடுங்க. ஆமா, கட்டாயம் வர்றேன். எல்லாரும் சிரிக்கிற மாதிரி பேசறேன்."

எதிர்முனையில் ஏதோ கேட்டார்கள்.

"நிக்கல் தேவையா இல்லையான்னா கேக்கறீங்க?"

குஞ்சிதபாதம் காகிதத்தில் கிடந்த பொடியைப் பார்த்தார்.

"அதைச் சரியான வெப்பமானி வச்சு நான் இன்னும் கேக்கவே இல்லையே சார். திங்கட்கிழமை ஆரம்பிக்கிறேன்."