பல்லக்கும் பேசாத மச்சானும்

ராஜாக்களுக்கெல்லாம் தொப்பை இருந்து, சாலைகளுக்கு மட்டும் தளம் இல்லாதிருந்த காலம் அது. அந்தக் காலத்தில் கொன்றைநாடு என்று ஒரு நாடு. அதை ஆண்டவர் பூதலராயர். உடம்பும் பேருக்கு ஏற்றபடிதான். நடந்தால் அவருக்கு மூச்சு வாங்கும். அவரைப் பார்த்தாலே குதிரைக்கு மூச்சு வாங்கும். அதனால் எங்கே போனாலும் பல்லக்குத்தான்.

பல்லக்கைத் தூக்க நாலு பேர். ஒரே நீளத் தண்டு. முன்னால் இரண்டு தோள், பின்னால் இரண்டு தோள். எல்லாருக்கும் முன்னால் நிற்பவன் சடையன். கடைசியில் நிற்பவன் மாடன். மாடன் கட்டியிருப்பது சடையனின் தங்கையை. இடையில் நின்ற பெரியானும் சின்னானும் இரட்டைப் பிள்ளைகள். யார் எதைச் சொன்னாலும் "ஆமா" போடுவதற்கென்றே பிறந்தவர்கள்.

பல்லக்குக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு, கேளுங்கள். வழி தெரிவது முதல் ஆளுக்கு மட்டும். மற்றவர்களுக்குத் தெரிவது முன்னால் போகிறவன் முதுகும் பல்லக்கின் பலகையும்தான். அதனால் முதல் ஆள் வழியைச் சொல்லிக்கொண்டே போவான். கடைசி ஆள் பதில் கொடுப்பான்.

"கல்லு வருது மச்சான்!"

"வரட்டும் மச்சான்!"

"பள்ளம் இருக்கு மச்சான்!"

"இருக்கட்டும் மச்சான்!"

"சாணி கிடக்கு மச்சான்!"

"நீ மிதிச்சாச்சா மச்சான்?"

"ஆமா, ஆமா" என்பார்கள் இரட்டையர். ராஜா உள்ளே தாலாட்டுக் கேட்ட பிள்ளை மாதிரி தூங்குவார்.

இப்படி இருந்தவர்கள் நடுவே ஒரு காதுகுத்து வந்தது. மாடனின் மகளுக்கு. தாய்மாமன் மடியில் வைத்துத்தானே காது குத்த வேண்டும்? அந்தத் தாய்மாமன் சடையன், சீர்த்தட்டில் வைக்கப் பட்டுப்பாவாடை வாங்கச் சந்தைக்குப் போனான். சிவப்பா, பச்சையா, மஞ்சளா என்று நின்றதில் பொழுது போய்விட்டது. நல்ல நேரம் முடியப்போகிறதென்று சொந்தக்காரர்கள் விரட்ட, வேறொருவர் மடியில் பிள்ளையை உட்கார வைத்தான் மாடன். சடையன் தட்டோடு வாசலுக்கு வந்தபோது உள்ளே பிள்ளை வீறிட்டு அழுகிற சத்தம்.

"ஏன், என் மடியில முள்ளா முளைச்சிருக்கு?" என்றான். தட்டை வாசற்படியில் வைத்தான். பதிலுக்கு நிற்காமல் போயே போய்விட்டான்.

மறுநாள் முதல் தோள் கொடுத்தான், குரல் கொடுக்கவில்லை.

முதல் நாள் கல் வந்தது. சடையன் தாண்டினான், சொல்லவில்லை. மாடனின் கால்விரல் பெயர்ந்தது. ராஜா நாக்கைக் கடித்துக்கொண்டார். இரண்டாம் நாள் பள்ளம் வந்தது. தாண்டினான், சொல்லவில்லை. ராஜாவின் கிரீடம் வேலியில் போய்த் தொங்கியது. மூன்றாம் நாள் சேறு வந்தது. தாண்டினான், சொல்லவில்லை. இந்த முறை ராஜாவே போய்விட்டார், குட்டைக்குள்.

மாடனும் வாய் திறந்து கேட்டானா? இல்லை. அவனுக்கும் ரோஷம்.

ராஜா தலையிலிருந்த பாசியை எடுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்: "நாளைக்கு எனக்குப் பெண் பார்க்கப் போகிறோம். இன்னொரு தடவை நான் மண்ணைக் கவ்வினால், நாலு குடும்பமும் நாட்டு எல்லையைத் தாண்டிவிட வேண்டும்!"

"ஆமா, ஆமா" என்றார்கள் இரட்டையர். அப்புறம்தான் அவர்களுக்கு அழுகை வந்தது.

மறுநாள் பல்லக்குப் புறப்பட்டது. சடையன் நல்ல தரையாகப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தான். வாயை மட்டும் திறக்கவில்லை. ராஜாவைவிட அந்த மௌனம் அதிகமாகக் கனத்தது.

ஏரிக்கரைக்கு வந்தார்கள். ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் சேற்று வயல், நடுவில் ஒற்றையடிப் பாதை. அந்தப் பாதையில் அப்போதுதான் கன்று ஈன்ற ஓர் எருமை படுத்திருந்தது.

"அரசன் வருகிறேன், விலகச் சொல்!" என்று கத்தினார் ராஜா.

எருமை எழுந்தது. விலகவில்லை. கொம்பைத் தாழ்த்தி ஓரடி முன்னால் வைத்தது.

பல்லக்கைத் திருப்ப இடமில்லை. நாலு பேரும் தண்டுக்கு அடியிலேயே திரும்பி, வந்த வழியே நடக்கத் தொடங்கினார்கள். அவ்வளவுதான், முதல் ஆள் கடைசி ஆளானான். கடைசி ஆள் முதல் ஆளானான்.

இப்போது சடையனுக்கு முன்னால் வெறும் பலகை. பிடரியில் எருமையின் மூச்சு. கரையில் எங்கோ ஓர் உடைப்பு இருந்தது. வரும்போது அவன் தாண்டிய உடைப்புதான். எங்கே என்று இப்போது தெரியவில்லை. காலால் தரையைத் தடவித் தடவி அடி வைத்தான். 'மூணு நாளா அவனும் இப்படித்தானே நடந்திருப்பான்' என்று நினைத்தான்.

மாடனுக்கு உடைப்பு தெரிந்தது. பெயர்ந்த விரலில் கட்டிய துணியும் தெரிந்தது. அந்தக் காலையே எடுத்து முன்னால் வைத்தான். பிறகு குரல் வந்தது.

"இடது பக்கம் உடைப்பு மச்சான். வலது காலை அழுத்தி வை."

சடையன் வலது காலை அழுத்தி ஊன்றினான். "வச்சாச்சு மச்சான்."

"வேர் தட்டும் மச்சான்."

"தட்டட்டும் மச்சான். அதுக்கென்ன, உன் விரல் எப்படி இருக்கு?"

"விரலை விடு. பிள்ளைக்கு ஒரு காதுதான் குத்தியிருக்கு. மறு காதுக்கு மாமன் மடிதான் வேணும்னு எந்திரிச்சு ஓடிட்டா. உனக்காகத்தான் வச்சிருக்கோம்."

"அடப்பாவி! இதை அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"நீ பேசினாத்தானே சொல்றதுக்கு!"

"அடேய்!" என்று உள்ளேயிருந்து ராஜா அலறினார். "முதலில் கரையை விட்டு இறங்குங்கள், அப்புறம் காதைப் பேசலாம்!"

"ஆமா, ஆமா!" என்றார்கள் இரட்டையர். அவர்கள் வாழ்நாளில் யோசித்துச் சொன்ன ஆமா அது ஒன்றுதான்.

சுற்றுவழியில் போனார்கள். கல்லும் பள்ளமும் சாணியும் பேர் சொல்லி அழைக்கப்பட்டன. பெண் வீட்டு வாசலில் ராஜா ஒரு பொட்டுச் சேறில்லாமல் இறங்கினார். அடுத்த நல்ல நாளில், சிவப்புப் பட்டுப்பாவாடை கட்டிய பிள்ளை மாமன் மடியில் உட்கார்ந்து மறு காதைக் காட்டினாள். அவள் அழவில்லை. மாமன்தான் அழுதான்.

ஆகவே, கூட நடக்கிறவர்மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும், அவருக்கு வழி சொல்வதை மட்டும் நிறுத்தக் கூடாது.