நானூற்றுப் பதின்மூன்று அறை

செம்மணற்பட்டு அரசர் முத்துவிசயருக்குக் கோபம் வந்தால் முதலில் மீசைதான் எழுந்து நிற்கும். அன்று இரண்டு பக்கமும் எழுந்து நின்றது.

"ஆயரே! என் குடிகளின் பிள்ளைகளைக் கன்னத்தில் அறைந்தீராமே?"

ஆயர் ஞானாதிக்கம் தொந்தியைத் தடவியபடி விழித்தார். பக்கத்தில் நின்ற உபதேசியார் சந்தியாகுவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உறுதிபூசுதல். பிள்ளைகளின் நெற்றியில் எண்ணெய் பூசி, "விசுவாசத்துக்காக எதையும் தாங்கிக்கொள்" என்று கன்னத்தில் லேசாகத் தட்டுவது ஆயரின் கடமை. அதற்குத்தான் மந்திரி கார்மேகம் கண், காது, மூக்கு எல்லாம் வைத்து அரசரிடம் சொல்லியிருக்கிறார்.

"நானூற்றுப் பதின்மூன்று அறை, அரசே! நானே எண்ணினேன்" என்றார் மந்திரி.

"தண்டிக்கும் உரிமை எனக்கு மட்டும்தான். எப்படிக் கொடுத்தாரோ அப்படியே, ஒன்று குறையாமல் ஆயர் திருப்பி வாங்க வேண்டும். முடியாதென்றால் நாட்டைவிட்டுப் போகட்டும்!"

ஆயருக்கு வயது அறுபத்தெட்டு. கன்னம் தாங்குமா? சந்தியாகு ஓரடி முன்னே வந்தார்.

"நியாயமான தீர்ப்பு, அரசே. ஆயர் வாங்கிக்கொள்வார்."

"யோவ்!" என்றார் ஆயர்.

"ஆனால் எப்படிக் கொடுத்தாரோ அப்படியே என்று சொன்னீர்கள். அறை வாங்கும் பிள்ளையின் தோளில் கைவைத்து, பின்னால் ஒரு ஞானத்தகப்பன் நிற்பார். அறை விழுந்ததும் பிள்ளைக்குப் புது வேட்டி கட்டிவிட்டு, கோழியடித்து விருந்து வைப்பார். ஆயருக்கும் ஒரு ஞானத்தகப்பன் வேண்டுமே!"

"யார் நிற்பது?"

"ஒன்றுவிடாமல் எண்ணிய மந்திரியாரே நிற்கட்டும். அறைக்கு ஒரு வேட்டி, ஒரு கோழி. அவருக்குத்தான் கணக்குத் தப்பாது."

மந்திரிக்கு வேர்த்துவிட்டது.

"அரசே, யோசித்துப் பார்த்தால் அது அறையே இல்லை. கன்னத்தில் உட்கார்ந்த ஈயை ஓட்டின மாதிரிதான் இருந்தது."

"நானூற்றுப் பதின்மூன்று கன்னத்திலுமா ஈ?"

கேட்டுவிட்டு அரசர் சிரித்த சிரிப்பில் மீசை படுத்துவிட்டது. வழக்கைத் தள்ளிவிட்டு, தம் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்துச் சந்தியாகுவுக்குப் போர்த்தினார்.

அரண்மனை வாசலைத் தாண்டியதும் ஆயர் பெருமூச்சு விட்டார்.

"ஏன் ஆண்டகையே, கன்னம் தப்பியதே?"

"கன்னம் கிடக்கட்டும்யா. நானூற்றுப் பதின்மூன்று கோழி போச்சே!"