பாட மறுத்த சிடி பிளேயர்

தூத்துக்குடியில், துறைமுகச் சாலையை ஒட்டிய ஒரு தெருவில், முன்பொரு சமயம் ஒரு சிடி பிளேயர் இருந்தது. யாரையும் தொந்தரவு செய்ததில்லை என்பதில் அதற்கு அப்படியொரு பெருமை. வட்டை ஒருமுறை உள்ளே வைத்துவிட்டால் போதும். ஒரு மணி நேரத்துக்கு மேல் பாடும். முடிந்ததும் தானாகவே முதல் பாட்டுக்குத் திரும்பிவிடும். யாரும் எழுந்து வர வேண்டாம், திருப்பிப் போட வேண்டாம், தொடக்கூட வேண்டாம்.

அந்த வீட்டுக்காரர் செபஸ்தியான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். இருபத்தாறு வருஷம் ஏறி இறங்கிய ஏணியில், ஒரு மழை நாளில், கடைசி மூன்று படி இருக்கையில் கால் வழுக்கி விழுந்தார். இடது முட்டிச் சில்லு உடைந்தது. ஆபரேஷன் ஆகி, கட்டும் பிரித்தாகிவிட்டது. இனி நடந்து, மடக்கி, காலைப் பழக்க வேண்டியதுதான் பாக்கி.

சிடி பிளேயர் அவருடைய மைத்துனன் கொண்டுவந்து கொடுத்தது. "இருந்த இடத்துலயே இருந்து கேளுங்க அத்தான்" என்று சொல்லி, நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு அதன்மேல் வைத்துவிட்டு, ரிமோட்டை அவர் கையில் கொடுத்துப் போனான். அவரும் சொன்னபடியே செய்தார். இருந்த இடத்திலேயே இருந்தார்.

ஹாலின் மறுகோடியில், சுவரோரமாக ஒரு மேசை. அதன்மேல் ஒரு ரெக்கார்டு பிளேயர் இருந்தது. கீழே ஒரு பெட்டியில் இருபது முப்பது இசைத்தட்டுகள். விழுவதற்கு முன்பு ஞாயிற்றுக்கிழமைகளில் செபஸ்தியான் அதைத்தான் போடுவார். நாற்காலிக்கும் மேசைக்கும் நடுவில் பத்து எட்டு தூரம் இருக்கும். இப்போது அந்தப் பத்து எட்டும் அவருக்குக் கடல் மாதிரி ஆகிவிட்டது.

நாற்காலியின் மறுபக்கம் வாக்கர் நின்றது. நான்கு கால்களிலும் புதிய ரப்பர் செருப்பு.

"நான் எதுக்கு இந்த வீட்டுக்கு வந்தேன்னு யாராவது சொல்லுங்களேன்" என்று வாக்கர் அடிக்கடி புலம்பும். "பிடிச்சு நடக்கன்னு வாங்கிட்டு வந்தாங்க. ரெண்டு வாரமா என்மேல துண்டுதான் காயுது."

"மனுஷன் வலியில இருக்கார். அவரை ஏன் அவசரப்படுத்தணும்? நான் பாடறேன், அவர் கேக்கறார். ஆறுதலா இருக்குல்ல?" என்று சிடி பிளேயர் பதில் சொல்லும்.

ரெக்கார்டு பிளேயர் ஒன்றும் சொல்லாது. அது கொஞ்சம் கூச்ச சுபாவம்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பிசியோதெரபிஸ்ட் சுகிர்தா வந்தாள். காலை மடக்கச் சொல்லி அளவு பார்த்தாள்.

"அண்ணாச்சி, போன வாரமும் எழுபது டிகிரி, இந்த வாரமும் எழுபது. நான் சொன்ன மாதிரி நடக்கீங்களா?"

"நடக்கேன்மா" என்றார் செபஸ்தியான்.

அவர் மனைவி பிலோமினா வாக்கர்மேல் கிடந்த துண்டைப் பார்த்தாள். அவள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்தாள். காலை எட்டரைக்குப் போனால் வர ஐந்தாகும். பகலில் அவர் என்ன செய்கிறார் என்று பார்க்க அவளால் முடியாது.

"இன்னும் மூணு வாரம் இப்படியே விட்டா முட்டி இறுகிப் போகும்" என்றாள் சுகிர்தா. "அப்புறம் மயக்க மருந்து கொடுத்துத்தான் மடக்கணும். அப்பவும் முழுசா வருமான்னு சொல்ல முடியாது. மடங்காத காலோட எப்படி ஏணி ஏறுவீங்க?"

அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டார்.

கிளம்பும்போது சுகிர்தா ஹாலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சாமான் கிடந்தா வாக்கரை எப்படித் திருப்புவாங்க அக்கா? கொஞ்சம் வழி விடுங்க" என்று பிலோமினாவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை பிலோமினா வேலைக்குப் போனதும் ஒரு காரியம் நடந்தது. செபஸ்தியான் நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இடது முட்டி கிடுகிடுவென்று ஆடியது. அவர் முகம் வெளிறிவிட்டது. ஒரு விநாடிதான், தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். யாரும் இல்லாத வீட்டில், யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தார். பிறகு ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார்.

அவர் சத்தத்தைக் கூட்டும்போதெல்லாம் பாட்டு பிடித்துப்போய்த்தான் கூட்டுகிறார் என்று சிடி பிளேயர் நினைத்திருந்தது. அன்றுதான் ரிமோட்டைப் பிடித்த விரல்களைக் கவனித்தது. அவை நடுங்கிக்கொண்டிருந்தன. அவருக்கு வலி இல்லை, பயம். அந்தப் பயம் காதில் விழாமல் இருக்கத்தான் தன்னை இவ்வளவு சத்தமாகப் பாட வைக்கிறார் என்று அதற்குப் புரிந்தது. பாடிக்கொண்டேதான் இருந்தது. ஆனால் அன்று எந்தப் பாட்டும் அதற்கே ருசிக்கவில்லை.

சாயங்காலம் பிலோமினா இடுப்பில் கைவைத்து ஹாலை அளந்தாள்.

"என்னங்க, இந்த ஸ்டூலு, அந்த மேசை, ரெண்டுல ஒண்ணு போனாத்தான் வழி கிடைக்கும். பாட்டுப் பெட்டி ஒண்ணு போதும்லா? எதை வச்சுக்கட்டும், சொல்லுங்க."

"இதுவே இருக்கட்டும்" என்று அவர் சிடி பிளேயரைக் காட்டினார். "அதுன்னா இருபது நிமிஷத்துக்கு ஒருக்க எந்திச்சுப் போயித் தட்டைத் திருப்பிப் போடணும். யாரு எந்திக்க?"

"அப்ப மேசையோட அதை எங்க கணக்கு டீச்சருக்குக் கொடுத்திருதேன். ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டு இருக்காவ. சனிக்கிழமை வந்து எடுத்துக்குவாவ."

"கொடு" என்றார். ஆனால் அந்த மேசைப் பக்கம் பார்க்காமல்தான் சொன்னார்.

பிலோமினா அவரைத் தோளில் தாங்கிச் சாப்பிட உள்ளே கூட்டிப் போனதும் ஹாலில் பேச்சு எழுந்தது.

"அவர் சொன்னது சரிதான்" என்றது ரெக்கார்டு பிளேயர். "என்னால அவருக்குக் கஷ்டம்தான். அது என் குறை."

"குறையா?" வாக்கர் துள்ளி எழாத குறை. "இந்த வீட்டுல அவரை எழுந்து வான்னு கூப்பிடத் தெரிஞ்ச ஒரே ஆள் நீதான். உன்னைப் போய் வெளிய அனுப்பறாங்களே!"

சிடி பிளேயருக்குச் சுருக்கென்றது. வாக்கர் தன்னைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அதுதான் அதை இன்னும் வருத்தியது. வெகுநேரம் யோசித்துவிட்டு, "நாளைக்கு நான் பாடப்போறதில்லை" என்றது.

"என்னது?"

"பாடமாட்டேன். அவர் என்ன அழுத்தினாலும் பாடமாட்டேன்."

"கெட்டுப்போச்சுன்னு சொல்லுவாங்க" என்றது வாக்கர்.

"சொல்லட்டும்."

"நீ பாடலேன்னா அவர் எழுந்திரிச்சுடுவாரா? சும்மாவே உட்கார்ந்திருந்தா?"

"தெரியல" என்றது சிடி பிளேயர். "ஆனா நான் பாடிக்கிட்டே இருந்தா எழுந்திரிக்கமாட்டார். அது மட்டும் தெரியுது."

வியாழக்கிழமை காலை செபஸ்தியான் பொத்தானை அழுத்தினார். சிடி பிளேயர் வட்டை உள்ளே வாங்கிக்கொண்டு, ஒரு சுற்றுச் சுற்றி, அப்படியே வெளியே நீட்டிவிட்டது. மறுபடி அழுத்தினார். மறுபடி நீட்டியது. ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றி உருட்டிப் போட்டார். வட்டைச் சட்டையில் துடைத்தார். கடைசியில் அதன் தலையில் ஓங்கி ஒரு தட்டு தட்டி, "உருப்படாதது" என்றார்.

யாரிடமும் அதுவரை ஒரு கடுஞ்சொல்கூடக் கேட்டறியாத சிடி பிளேயர் அதை வாங்கிக்கொண்டது.

அன்று முழுக்க ஹாலில் சத்தமே இல்லை. அடுத்த வீட்டுக் குக்கர் விசில், சாலையில் போகும் உப்பு லாரி, கிணற்றடிக் காக்கை, அவ்வளவுதான். செபஸ்தியான் எழுந்திருக்கவில்லை. மோவாயைக் கையில் தாங்கி உட்கார்ந்தே இருந்தார். மத்தியானம் அவர் கண்ணில் நீர் கட்டியதை சிடி பிளேயர் பார்த்தது. பாடிவிடலாம், ஒரே ஒரு பாட்டு மட்டும் பாடிவிடலாம் என்று அதன் உள்ளெல்லாம் தவித்தது.

"பொறு" என்றது வாக்கர், மெதுவாக.

சாயங்காலம் பிலோமினாவும் அழுத்திப் பார்த்தாள். அவளிடமும் அது வாய் திறக்கவில்லை. "சனிக்கிழமை ரிப்பேருக்குக் கொண்டு போறேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை. பிலோமினா வேலைக்குப் போய் அரைமணி நேரம் ஆகியிருக்கும். செபஸ்தியான் அந்தக் கோடியில் இருந்த மேசையைப் பார்த்தார். அடுத்த நாள் அது அங்கே இருக்காது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது போலிருந்தது. நெடுநேரம் பார்த்தார். பிறகு கையை நீட்டி, வாக்கர்மேல் கிடந்த துண்டை இழுத்துத் தரையில் போட்டார்.

வாக்கர் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"ஏசப்பா" என்று சொல்லிக்கொண்டே அவர் எழுந்தார். முட்டி ஆடியது. இந்த முறை உட்காரவில்லை. வாக்கரை ஒரு சாண் முன்னால் தள்ளினார். வலது கால். இடது கால். நின்று மூச்சு வாங்கினார். மறுபடி ஒரு சாண்.

"பயப்படாதீங்க, நான் வழுக்கமாட்டேன், வழுக்கவே மாட்டேன்" என்று வாக்கர் சொல்லிக்கொண்டே வந்தது. அவருக்கு அது கேட்டிருக்காது. ஆனாலும் பாதி வழிக்குமேல் அவர் பிடி கொஞ்சம் தளர்ந்தது.

மேசையைத் தொட்டபோது சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு தட்டை உறையிலிருந்து எடுத்து, ஓரத்தைப் பிடித்துச் சுழல்மேடையில் வைத்து, முள்ளை இறக்கினார். முதலில் பொரிகிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் நாகஸ்வரம் எழுந்தது. அவர் மேசையைப் பிடித்தபடி நின்று கேட்டார். முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டார்.

நாற்காலிக்குத் திரும்பி வருவதற்குள் பாதித் தட்டு ஓடிவிட்டது. உட்கார்ந்து ஆயாசமாகக் கண்ணை மூடினார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, பக்கம் முடிந்துவிட்டது. முள் உள்வட்டத்துக்கு வந்து, டக், டக் என்று தட்ட ஆரம்பித்தது.

"ஐயோ, இப்பத்தானே உட்கார்ந்தார்" என்று ரெக்கார்டு பிளேயர் பரிதவித்தது. "என்னை மன்னிச்சிருங்க, எனக்கு நிறுத்தத் தெரியாது."

"கூப்பிடு" என்றது சிடி பிளேயர். "கூச்சப்படாம கூப்பிடு."

டக், டக், டக்.

"இரு, வாரேன்" என்று அலுத்துக்கொண்டே செபஸ்தியான் வாக்கரைப் பிடித்தார்.

சாயங்காலம் பிலோமினா கதவைத் திறந்தபோது அவர் மேசையருகே நின்று தட்டைத் திருப்பிக்கொண்டிருந்தார். அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். தோள்பையைக் கீழே வைக்கவும் மறந்துவிட்டாள்.

"எத்தனாவது தட்டு?" என்றாள் கடைசியில்.

"எண்ணல" என்றார். "முட்டி விண்ணு விண்ணுன்னு தெறிக்கி. சுடுதண்ணி வச்சுக் கொடு."

"இப்ப வச்சுத் தாரேன்" என்று சொன்னவள் அடுப்படிக்குள் போய், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை கணக்கு டீச்சர் ஒரு ஆட்டோவோடு வந்தாள். செபஸ்தியான் வாக்கரோடு கதவு வரைக்கும் போய், "தப்பா நினைக்காதீங்க டீச்சர். இது இங்கயே இருக்கட்டும்" என்றார். ஸ்டூலைத்தான் உள்ளே எடுத்துப் போட்டார்கள். ரிப்பேருக்குப் போகும் பேச்சும் மறந்துபோயிற்று. சிடி பிளேயர் அலமாரியின் மேல் ஏறியது. அங்கிருந்து பார்த்தால் ஹால் முழுக்கத் தெரியும். அவர் போவதும் வருவதும் தெரியும். அது குறைப்பட்டுக்கொள்ளவில்லை.

செவ்வாய்க்கிழமை சுகிர்தா அளவு பார்த்தாள். எண்பத்தாறு. இரண்டு தடவை வைத்துப் பார்த்தாள்.

"என்ன அண்ணாச்சி செஞ்சீங்க?"

"அந்த சிடி பெட்டி கெட்டுப்போச்சும்மா" என்றார், அதுவே பதில் என்பது போல.

அவள் அலமாரி மேலிருந்து அதை இறக்கி, பிளக்கைச் செருகி, ஒரு வட்டைப் போட்டு, விளையாட்டாக அழுத்திப் பார்த்தாள். சிடி பிளேயருக்கு இனி வாய்மூடி இருக்க ஒரு காரணமும் இல்லை. கணீரென்று பாடியது.

செபஸ்தியான், பிலோமினா, சுகிர்தா மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நல்லாத்தான இருக்கு?" என்றாள் சுகிர்தா.

செபஸ்தியான் அந்தப் பெட்டியை உற்றுப் பார்த்தார். ஏதோ கேட்க வருவது போல உதடு அசைந்தது. கேட்கவில்லை. உள்ளங்கையால் அதன் தலையை ஒருமுறை தடவினார்.

"எனக்கு வேண்டாம்மா. யாருக்காவது உதவும்னா எடுத்துட்டுப் போ."

சுகிர்தா கொஞ்சம் யோசித்தாள். "திரேஸ்புரத்துல ஒரு அக்கா இருக்காங்க. கழுத்துக்குக் கீழ அசைவு கிடையாது. பகல்ல வீட்டுல துணைக்கு ஆள் இல்ல. அவங்களுக்குக் கொடுக்கட்டுமா?"

அன்றைக்கே சிடி பிளேயர் சுகிர்தாவின் ஸ்கூட்டரில் ஏறிப் போனது.

கடலோரமான ஒரு சின்ன அறை. கட்டிலில் படுத்திருந்த பெண்ணின் பெயர் மரிய ரோசலின். சுகிர்தா அதை அவள் தலைமாட்டில் வைத்து, வட்டைப் போட்டாள். பாட்டு எழுந்ததும் ரோசலின் கண்ணை மூடித் திறந்தாள்.

"நடுவுல நின்னு போகுமா சுகிர்தா? நின்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாதே."

"முன்னால இருந்த வீட்டுல அஞ்சாறு நாள் பாடாம கிடந்துச்சாம்க்கா. ஏன்னுதான் யாருக்கும் தெரியல."

சிடி பிளேயர் கடைசிப் பாட்டை முடித்து, தானாகவே முதல் பாட்டுக்குத் திரும்பியது.

அந்த வீட்டில் அது ஒரு நாளும் நின்றதில்லை.